பலகையில் ஒட்டிய பட்டியல்

கருவேலம்பட்டி
28.5.2007

கிளார்க் அண்ணனுக்கு,

நாகஜோதி எழுதுகிறேன். கரட்டுப்புதூரில் கந்தப்பன் லைன் வீட்டில், கதவு எண் 3/41-இல் மூன்று வருஷம் குடியிருந்தவள். எண்ணைச் சொன்னால்தான் உங்களுக்கு ஆள் ஞாபகம் வரும் என்பதால் சொல்கிறேன்.

போனில் பேசலாம் என்று பூத் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். போன் என்றால், "ஆமாங்க அம்மிணி, பாத்துக்கலாமுங்க அம்மிணி" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மே ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எங்களை அடித்து விரட்டினார்களே, அந்தப் பதினான்கு குடும்பமும் உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் ஜெயபாண்டி கதவை உள்ளேயிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் கடப்பாரையால் நெம்பியதில் அவர் வலது கை நிலைக்கும் கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். நாலு விரல் மடங்கவில்லை. ஓவர்லாக் தையல் மெஷினில் வேகத்துக்குப் பேர் வாங்கிய கை, இப்போது சோறு பிசையவே முடியவில்லை.

அதற்கு நியாயம் கேட்டு எழுதவில்லை. நான் கேட்பது வேறு.

ஏப்ரலில் உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் உண்டியல் உடைந்தது. தெற்கத்திக்காரன்தான் உடைத்தான் என்று ஊரே சொன்னது. உடனே, தெற்கு ஜில்லாக்காரர்களைப் பட்டியல் எடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்று நீங்கள் ஒரு பெரிய நோட்டோடு வந்தீர்கள். யாரும் கதவைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். "பேரு கவர்மெண்டு நோட்டுல ஏறிருச்சுன்னா உங்களை ஆரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க அம்மிணி. ரேசன் கார்டுக்கும் இதையே ஆதாரமாக் காட்டலாமுங்க" என்றீர்கள். அதை நம்பி உங்களோடு வாசல் வாசலாக வந்து எல்லோரையும் பேசிச் சம்மதிக்க வைத்தேன். "உங்க கையெழுத்து அச்சடிச்சாப்பல இருக்குது, நீங்களே எழுதிருங்க" என்று பேனாவை நீட்டினீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் ரிப்போர்ட் எழுதி எழுதி எனக்கு என் எழுத்தின்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. பெயர், சொந்த ஊர், தலைக்கணக்கு, கதவு எண் எல்லாம் நானே எழுதினேன்.

அன்றைக்கு வந்தவர்கள் கையில் ஒரு காகிதம் இருந்தது. ஊரில் மூன்று லைன், அறுபது வீடு. எண்ணைப் பார்த்துப் பார்த்து எங்கள் பதினான்கு கதவை மட்டும் உடைத்தார்கள்.

எண் எப்படி வெளியே போனது என்று இங்கே எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். என் நாத்தனார் கருத்தம்மாவும் அந்தப் பதினான்கில் ஒருத்தி. அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோணைமுத்து சித்தப்பா ஊர் மந்தையில் உட்கார்ந்துகொண்டு, "எழுதுன புள்ளயத்தேன் கேக்கணும்" என்கிறார். என் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவேன். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பட்டியல் வெளியே போனதற்கும் நாகஜோதிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி எழுதி, உங்கள் பெயரும் ஊராட்சி முத்திரையும் போட்டு அனுப்புங்கள். அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

நாகஜோதி


கரட்டுப்புதூர்
9.6.2007

நாகஜோதி அம்மிணிக்கு, மயில்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் 28.5.2007 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். ஜெயபாண்டி அவர்களின் கை குறித்து அறிந்து மிகவும் மனவருத்தம் அடைந்தேன். என் மனைவி ஞானாம்பாளும் கேட்டு வருந்தினாள்.

நடந்த சம்பவம் துரதிர்ஷ்டவசமானது. இது தொடர்பாகக் கடந்த மாதம் பதினெட்டாம் தேதி நமது ஊராட்சி அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் நடைபெற்றது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாசில்தார், இன்ஸ்பெக்டர், கோயில் கமிட்டித் தலைவர் கந்தப்பன் உள்ளிட்டோர் கலந்துகொண்டனர். இனி இப்படி நடக்காது என்று அனைவரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். தங்கள் தரப்பிலிருந்து யாரையும் அழைக்க இயலவில்லை. முகவரி தெரியாத காரணத்தால்.

மேற்படி பதிவேடு அலுவலகப் பீரோவில் பத்திரமாக உள்ளது. அது மேலதிகாரிகளின் பார்வையில் இருக்கும் ஆவணம் என்பதால் அது குறித்து நான் தனிப்பட்ட முறையில் எழுத்து மூலம் எதுவும் தருவது முறையாகாது. தாங்கள் படித்தவர், புரிந்துகொள்வீர்கள். ஊர் வாயை நாம் மூட முடியாது. கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும்.

நீங்கள் வாசலில் வைத்திருந்த முருங்கைக் கன்று நன்றாக இருக்கிறது. ஞானாம்பாள் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள்.

இப்படிக்கு,
மயில்சாமி


கருவேலம்பட்டி
17.6.2007

ஊராட்சி எழுத்தர் அவர்களுக்கு,

முகவரி தெரியாத காரணத்தால் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். எங்கள் சொந்த ஊர், தெரு, தபால் ஆபீஸ் எல்லாம் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிற நோட்டில், மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது. நான்தான் எழுதினேன். அடிக்க வந்தவர்களுக்கு எங்கள் முகவரி தெரிந்திருந்தது. சமாதானம் பேச வந்த அரசாங்கத்துக்குத் தெரியவில்லை, அப்படித்தானே?

அமைதிக் கூட்டத்தில் என்ன கொடுத்தார்கள்? டீயா, காப்பியா?

ஊர் வாய் தானாக அடங்கும் என்கிறீர்கள். இங்கே நான் குழாயடிக்குப் போனால், எனக்கு முன்னால் நிற்கிறவள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறாள். நாங்கள் தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்ப்பதாகக் கரட்டுப்புதூரில் பெண்கள் சொல்வார்கள் அல்லவா, அப்போதும் இப்படித்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே தெற்கத்திக்காரி என்று ஒதுக்கினார்கள். இங்கே எதற்காக என்று நான் யாரைக் கேட்பது?

இப்போது புதிதாக ஒரு சேதி. மூன்றாவது லைனில் இருந்த அனுசுயா நேற்று சொன்னாள், எங்களை அடித்து விரட்டியதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலையில் பால் வாங்கப் போனபோது ஊராட்சி அலுவலகப் பலகையில் ஏதோ ஒட்டியிருந்ததாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் நான் நோட்டில் எழுதியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள், அதனால் அது என் கையெழுத்து என்று தெரிந்ததாம். அவள் மனதில் கெட்டது எதுவுமில்லை, பார்த்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? நாகஜோதியே எழுதி நாகஜோதியே ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்தார்கள்.

ஒட்டியது நீங்களா? ஆமாம் அல்லது இல்லை. அதற்கு மேல் உங்கள் ஆபீஸ் தமிழ் எனக்கு வேண்டாம்.

முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு உங்கள் வீட்டு அக்காவுக்கு நன்றி. அதை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

நாகஜோதி


5.8.2007

அம்மிணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். இதில் ஊர்ப் பெயரும் என் பெயரும் போடவில்லை. வாசித்ததும் எரித்துவிடுங்கள்.

ஒட்டியது நான்தான்.

யாரும் ஒட்டச் சொல்லவில்லை. இந்த வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருக்கிறேன். வாக்காளர் பட்டியல், வீட்டு வரிப் பட்டியல், முதியோர் பென்சன் பட்டியல் என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். எது எழுதினாலும் ஒரு நகலை ஏழு நாள் பலகையில் ஒட்டிவிட வேண்டும். பெயர் விட்டுப்போயிருந்தால் மக்கள் வந்து ஆட்சேபணை சொல்வார்கள். அது கை பழகிப்போன வேலை. இதையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் எடுத்து, பசை தடவி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். உங்கள் ஆட்களில் யார் பெயராவது விட்டிருந்தால் வந்து சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். இது சத்தியம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "தென்மாவட்டக் குடும்பங்கள் தங்கள் ஊர்த் திருவிழாவை முன்னிட்டுத் தாமாகவே வீடுகளைக் காலி செய்து சென்றன" என்று மேலே ஓர் அறிக்கை போயிருக்கிறது. அதை எழுதியவனும் நான்தான். சொல்லச் சொல்ல எழுதினேன்.

உங்களுக்கு முத்திரை போட்டுக் கொடுத்தால் அது என்றைக்காவது விசாரணைக்குப் போகும். என் மகள் யாழினிக்கு ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை, கந்தப்பனின் தங்கை மகன். வேறு சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். நீங்களும் ஒரு வீட்டுக்கு வாழப்போன பெண்தான்.

உண்டியலை உடைத்தவன் போன வாரம் அகப்பட்டுவிட்டான். உள்ளூர் ஆள், கோயிலுக்குக் கொட்டகை போடுகிறவன். அவனைக் கூட்டிப்போன அன்று ஊரில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.


கருவேலம்பட்டி
14.8.2007

பெயர் போடாதவருக்கு,

எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. பெயரும் ஊரும் இல்லாத கடிதத்தைக் காட்டினால், அதையும் நானே எழுதிக்கொண்டேன் என்பார்கள்.

நான் வாழப்போன வீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த வீட்டில் நேற்று நடந்தது இது. அவருக்கு நான் சோறு ஊட்டுவது வழக்கம். நேற்று என் கையைத் தள்ளிவிட்டு, கருத்தம்மாவைக் கூப்பிட்டு ஊட்டச் சொன்னார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். பதினான்கு கதவு எண்ணையும் போட்டு, நடந்தது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. யாழினிக்காக விட்டேன். நாளைக்குச் சுதந்திர தினம். உங்கள் அலுவலகத்தில் கொடி ஏற்றுவீர்கள், அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தானே கம்பம் இருக்கிறது.

நாகஜோதி


கரட்டுப்புதூர்
23.9.2007

நாகஜோதி அம்மிணிக்கு, மயில்சாமி எழுதுவது.

பெயரும் ஊரும் போட்டே எழுதுகிறேன். நீங்கள் கேட்டது இத்துடன் தனித்தாளில் இருக்கிறது. முத்திரை போட்டிருக்கிறேன். அந்த முத்திரையை நான் தொட்டது அதுவே கடைசி. மறுநாள் சாவிக்கொத்தோடு அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் மனுவை விசாரிக்க ஆர்.டி.ஓ. இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி இங்கே வந்தார். நல்ல மனிதர். வந்ததும் பலகையைத்தான் முதலில் பார்த்தார். அதில் கொசு மருந்து அடிக்கிற அறிவிப்பு மட்டும் இருந்தது. கந்தப்பன் எழுந்து, "அந்தத் தெக்கத்திப் புள்ளயே எழுதி, அதுவே ஆருக்கோ குடுத்திருக்குதுங்க ஐயா. மனுவையும் பட்டியலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரே எழுத்து" என்றார். ஆர்.டி.ஓ. இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தார். ஒரே எழுத்துதான். உங்கள் பெயரை அறிக்கையில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஒட்டுனது நான்தானுங்க ஐயா."

பிறகு உங்களிடம் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேனா தீர்ந்துபோய்விட்டது. ஜன்னல் வழியாக என்னிடம் கேட்டார்கள். நான் என் பேனாவைக் கொடுத்தேன். எழுதி முடித்து மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நன்றிங்க" என்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். உங்களிடமும் நான் நீட்டிய பேனா அதுதான், அம்மிணி.

"எதுக்குன்னு கேக்கலயா?" என்றார் ஆர்.டி.ஓ.

"பலகையில இருக்கறத ஆரு வேணும்னாலும் எழுதிக்கலாமுங்க. அதுக்குத்தானுங்க பலகை" என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு உத்தரவு வந்தது. அரசு ஆவணத்தைப் பாதுகாக்கத் தவறியதற்காக எனக்கு வேலை நீக்கம். கதவை உடைத்தவர்கள் அடையாளம் தெரியாத நபர்கள். எங்கள் ஒன்றியத்தில் உள்ள எல்லா ஊராட்சியிலும் வெளியூர்க்காரர்களுக்கு முறையான பதிவேடு, போட்டோவோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, பூட்டிவைக்க வேண்டும். இதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்காக என்று போட்டிருக்கிறது.

நான் இவ்வளவு வருஷம் அரசாங்கம் என்றால் பெயரை எழுதிவைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பெயர் எழுதிவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நம்பினேன். அவரும் அதையே நம்பித்தான் எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, பயமாக இருக்கிறது.

கல்யாணம் நின்றுவிட்டது. ஞானாம்பாள், "ஊருல ஆருக்கும் இல்லாத அக்கறை உங்களுக்கு என்னங்க?" என்று ஒரு நாள் அழுதாள். யாழினி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒட்டியதையும் பேனா கொடுத்ததையும் தாளில் எழுதியிருக்கிறேன், போதுமா என்று எழுதுங்கள். வார்த்தை ஏதாவது மாற்ற வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். முத்திரை இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

மயில்சாமி


அருள்புரம்
5.12.2007

மயில்சாமி அண்ணனுக்கு,

தாள் போதும். ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். யாழினியை நினைக்காத நாள் இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம்.

உங்கள் தாளை மந்தையில் எல்லோரும் கேட்க நானே வாசித்தேன். சோணைமுத்து சித்தப்பா முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரித்தா, நம்ம மேலதேன் தப்பு" என்றார். கருத்தம்மா அழுதாள். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் தாளைக் கேட்டார். இடது கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக இரண்டு தடவை வாசித்தார்.

"ஒட்டுனது அவரு."

"ஆமா."

"பேனா குடுத்ததும் அவரு."

"ஆமா."

"எழுதுனது நீதேன?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆமா என்றேன். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, சோறு போடச் சொன்னார். அன்று முதல் நான்தான் ஊட்டுகிறேன். வாயைத் திறக்கிறார், சாப்பிடுகிறார். அதற்கு மேல் நான் எதைக் கேட்டு யாருக்கு மனுப் போடுவது?

மழை இல்லை, ஊரில் வேலை இல்லை. தீபாவளி கழிந்ததும் ஆறு குடும்பம் மட்டும் மறுபடி பஸ் ஏறி இங்கே அருள்புரம் பக்கம் ஒரு லைன் வீட்டுக்கு வந்துவிட்டோம். அவரும் நானும் ஒரே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறோம். அவர் இடது கையால் வெட்டுகிறார், கத்தரி இன்னும் பழகவில்லை. எனக்குச் செக்கிங் கொடுக்கிறேன் என்றார்கள். செக்கிங் என்றால் ரிப்போர்ட் எழுத வேண்டும். வேண்டாம் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனுக்குப் பதிவேடு வந்தது. நீங்கள் சொன்ன புது உத்தரவுதான். கொண்டுவந்தது ஒரு சின்னப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளாம், முகத்தில் அத்தனை களை. "பேரு ஏறிருச்சுன்னா உங்களுக்குத்தானுங்க அக்கா பாதுகாப்பு" என்றாள். யார் சொல்லிக் கொடுத்தாலும் அதே வார்த்தைதான் வருமோ என்னவோ. பத்து வாசல் எழுதியதில் அவளுக்குக் கை வலித்துவிட்டது. நோட்டைத் திண்டில் வைத்துவிட்டு, "இங்க நல்லா எழுதத் தெரிஞ்சவங்க ஆராச்சும் இருக்கீங்களாங்க?" என்று கேட்டாள்.

கருத்தம்மா என்னைப் பார்த்தாள். அனுசுயா பார்த்தாள். அவரும் கதவருகில் நின்று பார்த்தார். கெட்ட பார்வை இல்லை அண்ணா. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்கள்.

அந்தப் பெண் என்னிடமே பேனாவை நீட்டினாள். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் சங்கடப்பட்டு, "பரவால்லீங்க அக்கா" என்று மைப்பெட்டியைத் திறந்தாள். என் பெயரை அவளே தப்பும் தவறுமாக எழுதினாள். நான் வாசிக்கத் தெரியாதவளைப் போலவே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது கைப் பெருவிரலைப் பிடித்து அழுத்தி, பெயருக்கு எதிரே உருட்டி வைத்தாள். பிறகு அவர் தன் கையை நீட்டினார், அவருக்கும் கைநாட்டுதான். பேனா பிடிக்க விரல் மடங்காதே.

இந்தக் கடிதத்தைக் கம்பெனிச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எழுத மாட்டேன். நீங்களும் பதில் போட வேண்டாம். லைனுக்குக் கடிதம் வந்தால், அதை வாசித்துச் சொல்லச் சொல்லி நான் யாரையாவது தேடிப் போக வேண்டியிருக்கும்.

நாகஜோதி